மாலதியின் மிச்சம்

மாலதி எப்போதும் வியாழக்கிழமை மாலை நாலே காலுக்குத்தான் சாவாள்.

அதற்கு முன்னால் செத்தால் ஆண்கள் அன்றைக்கே அழுது முடித்துவிடுகிறார்கள். பின்னால் செத்தால் சனிக்கிழமை காலை மில்லுக்குத் திரும்பும்போதும் முகம் வீங்கியிருக்கிறது, வேலைக்கு ஆவதில்லை. நாலே கால் என்பது மூன்று வருடம் பார்த்துப் பார்த்து வந்து சேர்ந்த நேரம். சின்னியம்பாளையத்தில் இருந்த புலர்வு பயிற்சி நிலையத்தில் வினோதினிக்கு அந்த நேரத்துக்குக் கடிகாரம் தேவைப்பட்டதில்லை. இரண்டாம் மாடிக் கூடத்தில் ஆறேழு ஆண்கள் விம்முவது படிக்கட்டு வழியாக இறங்கி வரும். கேன்டீன்காரர் அதற்கு முன்பே சுக்குக் காபியைக் கொதிக்க வைத்திருப்பார்.

மில்களும் வார்ப்படச் சாலைகளும் தங்கள் மேற்பார்வையாளர்களை அங்கே அனுப்பின. தொழிலாளர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டியவர்கள், கை ஓங்கியவர்கள், எழுத்தில் புகார் வாங்கியவர்கள். திங்கட்கிழமை காலை சாய்நாற்காலியில் படுக்க வைத்துத் தலையில் கவசம் மாட்டுவார்கள். வெளியே நான்கு நாள் போவதற்குள் உள்ளே பதினோரு வருடம் போய்விடும். மாலதியைக் கல்யாணம் செய்து, வாடகை வீடு பார்த்து, சண்டை போட்டு, சமாதானமாகி, பதினோராவது வருடம் அவளுக்கு நோய் வரும். இதெல்லாம் செயற்கை வாழ்க்கை என்று முதலிலேயே சொல்லிக் கையெழுத்தும் வாங்கிவிடுவார்கள். ஆனாலும், கனவு என்று தெரிந்தே வியர்த்து எழுந்திருப்பதில்லையா, அது மாதிரி அவர்கள் அழுதார்கள். திருந்தவும் செய்தார்கள்.

வினோதினி வேலை பார்த்தது மிச்சப் பிரிவில். சாகப்போகும் பெண் எதையாவது பாதியில் விட்டுவிட்டுப் போக வேண்டும். அதற்கு அங்கே மிச்சம் என்று பெயர். மிச்சம் இல்லாமல் செத்தால் புருஷன் இரண்டு நாள் அழுதுவிட்டு மறந்துபோவான். மிச்சம் இருந்தால் அதை முடிக்க ஆயுசு முழுக்க ஓடுவான். வேலையில் சேர்ந்த முதல் வருடத்தில் அறுபத்தோரு பெண்களுக்கு மிச்சம் எழுதினாள். கடல் பார்க்க ஆசைப்பட்டவள், பாதி பின்னிய கம்பளிச் சட்டையை விட்டுப் போனவள், தம்பியோடு பேசாமலே போனவள். எதுவும் பெரிதாக எடுபடவில்லை. அறுபத்திரண்டாவது பெண்ணுக்கு எழுத ஒன்றும் தோன்றாமல், புதன்கிழமை மதியம் கெடு முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது, தன் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்துக் கொடுத்துவிட்டாள்.

அந்தப் பக்கத்தில் ஒரு விசைத்தறிக் கொட்டகையின் படம் இருந்தது. பிளஸ் டூ முடித்துவிட்டு வினோதினி இரண்டு வருடம் தறி ஓட்டியிருந்தாள். சித்திரை மாதம் தகரக் கூரைக்கு அடியில் நாற்பத்தேழு டிகிரி. பஞ்சு பறக்கும் என்று மின்விசிறி போட விடமாட்டார்கள். அப்போது வரைய ஆரம்பித்த படம் அது. கூரையின் ஒரு கோடியில் கறுப்பு வண்ணம் அடித்த தகரப் புகைபோக்கி. வெயிலில் அது சூடாகி உள்ளே இருக்கும் அனலை மேலே இழுத்துக்கொள்ளும், எதிர்ச் சுவரில் வைத்த திறப்பு வழியாகப் புதுக்காற்று வரும். கரண்டு வேண்டாம். பாதிதான் வரைந்திருந்தாள்.

அதை மாலதியின் தலையணைக்கு அடியில் வைத்தார்கள். மாலதி வெற்றி பெற்றாள். மற்ற அறுபத்தோரு பேரையும் கிடங்கில் போட்டுவிட்டு, இரண்டு வருடமாக மாலதியை மட்டுமே ஓட்டினார்கள். இதுவரை அறுநூற்றுப் பத்து ஆண்கள்.

இது வினோதினிக்குத் தெரியும். தெரியாமல் போனது, அந்த ஆண்கள் வெளியே போய் என்ன செய்வார்கள் என்பதுதான்.

*

அவள் மாலைநேரப் பாலிடெக்னிக்கில் தொழிற்கூடக் காற்றோட்டப் பட்டயம் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் வருடம் தொடங்கிய அன்று ஆறு மணி வகுப்பில் புதிதாக ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் நாற்பது வயதைத் தாண்டிய ஆண்கள். முன் அனுபவம் உண்டென்று நேராக இரண்டாம் வருடத்தில் சேர்த்திருந்தார்கள். முன் பெஞ்சில் இருந்தவர் நோட்டைத் திறந்தார். முதல் பக்கத்திலேயே கொட்டகையும் கறுப்புப் புகைபோக்கியும்.

வினோதினி பேனாவைக் கீழே போட்டாள். எடுக்கக் குனிந்தவள் பக்கத்து நோட்டையும் பார்த்தாள். அதிலும் கொட்டகை. அடுத்ததிலும்.

இடைவேளையில் பேச்சுக் கொடுத்தாள்.

"ஏனுங்கண்ணா, இந்தப் படம் எங்கீங்க கிடைச்சது?"

"என்ற சம்சாரம் வரைஞ்சதுங்கம்மணி" என்றார் அவர். தண்டபாணி, கருமத்தம்பட்டியில் ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசர். "போய்ச் சேர்ந்துட்டா. பாதியில நின்னு போச்சுங்க. அதை முடிக்கறதுக்குத்தான் இந்த வயசுல பெஞ்சுல வந்து உக்காந்திருக்கறனுங்க."

"இவரு சம்சாரமும் அதேதானுங்களா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் காட்டினாள்.

தண்டபாணி கொஞ்சம் கூச்சப்பட்டார். "அதுங்க, நாங்க ஒம்போது பேரும் புலர்வுல படுத்து எந்திரிச்சவங்க. மொத நாளு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்க்கவே சங்கடமாப் போச்சுங்க. ஒரே மாலதி, ஒம்போது பேருன்னா நல்லாவா இருக்குது? அப்புறம் ஜான்சன்தான் ஒரு ரோசனை சொன்னாரு. அக்கா தங்கச்சிகளைக் கட்டுன மாதிரி வச்சுக்கலாமுன்னு. இப்ப நாங்கெல்லாம் சகலைங்க."

"ஆமா சகலை, டீ ஆறுது" என்றார் ஜான்சன்.

ஒன்பது பேரும் நல்ல மனிதர்களாகத்தான் இருந்தார்கள். மெதுவாகப் பேசினார்கள். கரும்பலகையைத் துடைத்து வைத்தார்கள். வினோதினிக்கு முன்பக்கம் இடம் விட்டார்கள். அவள்தான் பழக்கம் விடாமல் கடைசி பெஞ்சுக்குப் போனாள்.

அவளை அரித்தது வேறொன்று. அந்தப் படத்தில் ஒரு தப்பு இருந்தது. காற்று வரும் திறப்பை அவள் கூரைக்கு இரண்டடி கீழே, உயரத்தில் போட்டிருந்தாள். கீழே வைத்தால் தரையில் கிடக்கும் பஞ்சு எழும்பி நூலில் ஒட்டும் என்ற பயம். முதல் வருடம் படித்த பிறகுதான் புரிந்தது. உயரத்தில் வைத்தால் வெளிக்காற்று கூரையை ஒட்டியே ஓடிப் புகைபோக்கியில் வெளியேறிவிடும். கீழே தறியோடு நிற்பவளுக்கு ஒரு மூச்சு கூட வராது. திறப்பு முழங்கால் உயரத்தில் இருக்க வேண்டும். அகலமாக வைத்தால் காற்று மெதுவாக வரும், பஞ்சு எழாது. வலையடித்து ஈரச் சாக்கும் தொங்கவிட்டால் இன்னும் நல்லது.

ஒன்பது நோட்டிலும் திறப்பு உயரத்திலேயே இருந்தது. ஸ்கேல் வைத்து, இரண்டடி என்று குறித்து, சிவப்பு மசியில்.

*

"மாலதி பைலை ஒரு தடவை திறக்கணும் மேடம். படத்துல ஒரு தப்பு இருக்கு."

ஷைலஜா திரையிலிருந்து நிமிரவில்லை. அவர்தான் பயிற்சி நிலையத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். "இருந்தா என்ன வினோ? அவ என்ன இன்ஜினியரா?"

"அதை வச்சுக் கட்டப் போறாங்க மேடம்."

"கட்டட்டும். கட்டணும்னுதானே மிச்சம் வச்சோம்."

"ஏற்கெனவே முடிச்சுட்டுப் போனவங்களுக்கு ஒரு கடிதமாவது போடலாமா?"

"என்னன்னு? உங்க பொண்டாட்டி வரையறதுல கொஞ்சம் வீக்குன்னா?" இப்போது நிமிர்ந்தார். "அவங்க அவளைக் கோயில் மாதிரி வச்சிருக்காங்க. அதுல கை வச்சா உள்ள இருக்கறதெல்லாம் ஆடிப்போயிரும். நீ எழுதினேன்னு சொல்லவும் கூடாது, ஒப்பந்தத்துல இருக்கு."

வினோதினி நின்றுகொண்டே இருந்தாள். கேட்கலாமா வேண்டாமா என்று இரண்டு வருடமாக வைத்திருந்த கேள்வி. "அவ சாகாமலே இருந்தா திருந்த மாட்டாங்களா மேடம்?"

"பார்த்தோமே. நீ வர்றதுக்கு முன்னாடி ஒரு குழுவுக்குப் பொண்டாட்டியை உயிரோடவே விட்டோம். பதினோரு வருஷம் குடும்பம் நடத்திட்டு எந்திரிச்சவன் முதல்ல கேட்டது, சாப்பாடு எத்தனை மணிக்குன்னு. ஒருத்தன் கருத்துத் தாள்ல எழுதியிருந்தான், அந்தம்மா ரொம்பக் கேள்வி கேக்குதுன்னு."

"சரி, பொம்பளை சூப்பர்வைசர் வந்தா?"

"புருஷன் செத்தா பொம்பளைக்கு வளர்ச்சி வராது வினோ. பதினாறு நாள் லீவுதான் வரும்." ஷைலஜா சிரித்தார். அந்தச் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. "இங்க பாரு. கருமத்தம்பட்டி மில்லுல வருஷத்துக்கு முப்பத்தோரு புகார் வந்துட்டு இருந்துச்சு. தண்டபாணின்னு ஒருத்தர், பொண்ணுங்க மேல பாபினைத் தூக்கி அடிப்பார். இப்ப வருஷத்துக்கு ரெண்டு. உக்கார ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கார். பாத்ரூம் போக யாரும் கையைத் தூக்கிட்டு நிக்கிறதில்லை. அந்தப் பொண்ணுங்ககிட்டப் போய் நீயே சொல்லு, மாலதி சாகக்கூடாதுன்னு."

வினோதினி கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். வீட்டுக்கு வந்து நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் ஷைலஜா சொன்னதையும் வலப்பக்கம் தனக்குத் தோன்றியதையும் எழுதிப் பார்த்தாள். இடப்பக்கம் தெளிவாக இருந்தது. வலப்பக்கம் ஒரே வரிதான் வந்தது: ஒவ்வொரு தடவையும் ஏன் அவள்? அதையும் அடித்துவிட்டு மறுபடி எழுதினாள்.

*

மாசி மாதம் மரியசெல்வம் சார் வகுப்பில் செய்தி சொன்னார். சாமளாபுரத்தில் ஒரு தறிக்காரர் தன் கொட்டகையைச் செயல்முறைப் பணிக்குத் தருகிறார். "ஆனா ஒரு நிபந்தனை. கூரையில ஒரு ஓட்டை, சுவத்துல ஒரு ஓட்டை, அவ்வளவுதான். ரெண்டாவது ஓட்டை போட்டா நான் மழைக்கு எங்க போவேன்னு கேக்கறார். அதனால வகுப்புக்கு ஒரே வடிவம். அந்த வடிவம் யாருதோ, அவங்க பேருலதான் சான்றிதழ். அந்தச் சான்றிதழ் இருந்தா நல்ல கம்பெனியில வரைபடப் பிரிவுக்கே எடுத்துக்குவாங்க. யோசிச்சு முடிவு பண்ணுங்க."

வினோதினிக்கு அது போதும். அந்தத் தாளில் பெயர் வந்தால் புலர்வை விட்டுப் போய்விடலாம். வியாழக்கிழமை நாலே காலுக்கு எந்தப் பெண்ணையும் சாகக் கொடுக்காத ஒரு வேலை.

ஒரு வாரம் உட்கார்ந்து அட்டைப்பெட்டியில் கொட்டகை செய்தாள். முன்பக்கம் கண்ணாடித் தாள். மேலே ஒரு திறப்பு, கீழே ஒரு திறப்பு, இரண்டுக்கும் மூடி. புகைபோக்கியைச் சூடாக்க ஒரு குண்டு பல்பு. ஊதுபத்தியைக் கொளுத்தி மேல் திறப்பில் காட்டினாள். புகை கூரையை ஒட்டி நேராக ஓடி வெளியே போயிற்று. பெட்டியின் கீழ்ப்பாதியில் ஒன்றும் அசையவில்லை. மேலே மூடிவிட்டுக் கீழ்த் திறப்பில் காட்டினாள். புகை தரையை ஒட்டி நுழைந்து, குட்டித் தறிகளைத் தொட்டு, மெதுவாக எழுந்து போயிற்று.

மரியசெல்வம் சார் தலையை ஆட்டினார். மற்ற மாணவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒன்பது சகலைகளும் மரியாதையாகக் கடைசி வரை பார்த்தார்கள்.

"நல்லா இருக்குதுங்கம்மணி" என்றார் தண்டபாணி. "ஆனா மாலதி மேலதான் போட்டிருக்கா."

"அது தப்புங்கண்ணா. புகையைப் பார்த்தீங்களே."

"அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டிதானுங்க. அவ எதையாச்சும் நினைச்சுத்தான் போட்டிருப்பா."

"பஞ்சு எழும்புமுன்னு பயந்து போட்டாங்க. அவ்வளவுதான்."

"அது உங்களுக்கெப்படிங்க தெரியும்?"

ஒப்பந்தம் ஞாபகம் வந்து, வினோதினி ஊதுபத்தியை அணைத்தாள். ஓட்டெடுப்பு நடந்தது. வகுப்பில் பதினாறு பேர். மாலதிக்குப் பத்து, வினோதினிக்கு ஆறு. பத்தாவது ஓட்டு யாருடையது என்று இரண்டு நாள் யோசித்தாள். பக்கத்து பெஞ்சு பையன், சகலைகள் தினமும் அவனுக்கு டீ வாங்கிக் கொடுக்கிறார்கள்.

மறுவாரம் இடைவேளையில் தண்டபாணி தனியாக நிற்பதைப் பார்த்துவிட்டு, ஒப்பந்தம் கிழிந்தாலும் கிழியட்டும் என்று அருகே போனாள்.

"அண்ணா, நான் புலர்வுலதானுங்க வேலை பார்க்கறேன். அந்தப் படம் நான் வரைஞ்சது. தறி ஓட்டறப்ப வரைஞ்சது. மாலதிக்கு மிச்சம் வேணுமுன்னு என்ற நோட்டுல இருந்து கிழிச்சுக் குடுத்தேன். பாருங்க, கிழிச்ச அடிக்கட்டை." நோட்டைத் திறந்து காட்டினாள்.

கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் கிழிந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"நிசமாத்தான் இருக்குமுங்க. யாரோ ஒருத்தர் எழுதித்தானுங்களே ஆகணும். அது எனக்கும் தெரியும்." டீ தம்ளரைக் கீழே வைத்தார். "ஆனா கேட்டுக்குங்க. அவளுக்கு மூச்சு முட்டுது. டாக்டரு ஊசி எழுதிக் குடுத்தாரு. நான் கீழ மருந்துக்கடை வரிசையில நிக்கறேன். எனக்கு முன்னாடி நாலு பேரு. திரும்பி வந்து பார்த்தா முடிஞ்சு போச்சு. தலகாணிக்கு அடியில அந்தப் பேப்பரு இருந்துச்சுங்க. அதை நான் அவகிட்டயிருந்து வாங்குனா அது அவ உசுரு. உங்ககிட்ட இருந்து வாங்குனா அது வெறும் படமுங்க."

"வெறும் படத்துலதானுங்க காத்து வரும்" என்றாள் வினோதினி. குரல் உயர்ந்துவிட்டது. "உசுருல வராது."

"நீங்க கோவப்படறீங்க" என்றார் தண்டபாணி, உண்மையான பரிவோடு. "மாலதி கோவமே பட்டதில்லீங்க."

அதுவும் உண்மைதான். மாலதியின் கோபத்தை மூன்றாவது திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். எடுத்ததும் பயிற்சியின் மதிப்பெண் கூடியது. எடுத்தவள் வினோதினி.

*

பங்குனி முதல் ஞாயிறு. தறிகளை நிறுத்திவிட்டுக் கொட்டகையைக் காலி செய்திருந்தார்கள். கூரையில் கறுப்புப் புகைபோக்கி ஏறிவிட்டது. மேஸ்திரி சுவர் வெட்டும் மெஷினோடு ஏணியில் ஏறி, கூரைக்கு இரண்டடி கீழே சுண்ணாம்பில் நாலு கோடு போட்டார். ஜான்சன் ஏணியைப் பிடித்துக்கொண்டார். தண்டபாணியின் நிஜ மனைவி சரோஜினி எல்லோருக்கும் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"நீதானா கண்ணு அந்தக் கடைசி பெஞ்சுப் புள்ள?" என்று வினோதினியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சாப்புடு. எங்கூட்டுக்காரரு சொன்னாரு, புத்திசாலிப் புள்ள, ஆனா பிடிவாதமுன்னு."

"அண்ணா இப்ப வீட்டுல நல்லா இருக்காருங்களா அக்கா?"

"தங்கமா இருக்காரு. ஒரு சொல்லு சத்தமா வர்றதில்ல. காப்பி டம்ளரைக் கழுவி வெக்கறாரு." சரோஜினி இலைப் பொட்டலத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள். "ஆனா நான் பேசறப்ப என்னைப் பார்க்கறதில்ல கண்ணு. வாசல்ல வேற யாரோ நிக்கற மாதிரி எனக்குப் பின்னாடி பார்க்கறாரு. போன மாசம் எனக்குக் காய்ச்ச வந்து படுத்தேன். அப்பத்தான் மூணு நாளு என்ற மூஞ்சிய முழுசாப் பார்த்தாரு. எந்திரிச்சதும் நின்னுபோச்சு."

அவள் அதைப் புகாராகச் சொல்லவில்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுத்தவருக்குப் பரிமாறப் போய்விட்டாள்.

மேஸ்திரி மெஷினை முடுக்கினார்.

வினோதினி எழுந்தாள். இந்தச் சுவரில் ஓட்டை விழுந்தால் இன்னொன்று விழாது. நாளைக் காலை இந்தத் தறிகளுக்குப் பத்துப் பெண்கள் வருவார்கள். அவர்களில் இரண்டு பேரை அவளுக்குத் தெரியும். ஒருகாலத்தில் அவளோடு ஒரே குடத்தில் தண்ணீர் குடித்தவர்கள். உண்மையைச் சொல்லிப் பார்த்தாயிற்று. புகையைக் காட்டிப் பார்த்தாயிற்று. இந்த ஒன்பது பேரும் யார் சொன்னால் கேட்பார்கள் என்பது அவளை விட வேறு யாருக்கும் நன்றாகத் தெரியாது. அது அவள் பிழைப்பு. சொன்னால் வடிவம் முழுக்க மாலதியின் பெயருக்குப் போய்விடும் என்பதும் தெரியும். இரண்டையும் ஒருமுறை எடை போட்டுப் பார்த்தாள். நேரம் இருக்கவில்லை.

"நிறுத்துங்க மேஸ்திரி. அண்ணா, நான் உங்ககிட்ட ஒண்ணை மறைச்சுட்டேன்."

மெஷின் நின்றது.

"மாலதியோட முழுப் பதிவு புலர்வுல இருக்குங்க. உங்களுக்குக் காட்டாத பகுதியும் இருக்கு. நீங்க மருந்துக்கடை வரிசையில நின்னீங்களே, அந்தப் பதினஞ்சு நிமிசம்." வார்த்தை தடுக்கி வந்தது. நடிக்கவில்லை, பொய் சொல்லும்போது அவளுக்கு எப்போதும் அப்படித்தான். "அவங்க நர்சுகிட்டப் பேனா கேட்டாங்க. படத்தைத் திருத்தணுமுன்னாங்க. தப்பாப் போட்டுட்டேன், காத்து வர்ற திறப்பு கீழதான் இருக்கணும், முழங்கால் உசரத்துல, அகலமா, அவருகிட்டச் சொல்லிருங்கன்னு சொன்னாங்க. நர்சு சொல்ல மறந்துட்டாங்க."

முதலில் அழுதது ஜான்சன். ஏணியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரி அவசரமாகக் கம்பியைப் பற்றிக்கொண்டார். தண்டபாணி முகத்தைத் துண்டால் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"கீழ போடுங்க மேஸ்திரி" என்றார். "அவ சொல்லீட்டா."

நாலு வாரமாகச் சொன்னது நாலு நிமிடத்தில் நடந்தது. சுண்ணாம்புக் கோடு அழிந்து முழங்கால் உயரத்துக்கு இறங்கியது. ஒன்பது ஆண்களும் சேர்ந்து செங்கலை அள்ளினார்கள், வலை அடித்தார்கள், ஈரச் சாக்கைத் தொங்கவிட்டார்கள். வினோதினிக்கு ஒரு வேலையும் மிச்சம் வைக்கவில்லை. அவள் தூணில் சாய்ந்து நின்று, அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாலதியைத் தான் இன்னொரு தடவை படுக்க வைத்துவிட்டதை நினைத்துக்கொண்டாள். இந்தத் தடவை வியாழக்கிழமை கூட இல்லை.

*

மறுநாள் மதியம் இரண்டு மணி. தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. மரியசெல்வம் சார் நெஞ்சு உயரத்தில் கட்டித் தொங்கவிட்ட வெப்பமானிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். முந்தின வாரம் இதே நேரத்தில் நாற்பத்தாறரை. இப்போது நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று, நாற்பதரை. நூலில் பஞ்சு ஒட்டவில்லை. தறி ஓட்டிய ஒரு பெண் முக்காட்டை அவிழ்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். வினோதினியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். அவ்வளவுதான் பாராட்டு. வினோதினிக்கு அது போதுமானதாகத்தான் இருந்தது, சார் பையிலிருந்து அந்தச் சான்றிதழ்த் தாளை எடுக்கும் வரை.

"வடிவமைத்தவர் பெயர், கையெழுத்து. யாரு போடறீங்க?"

"மாலதிங்க சார்" என்றார்கள் இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில்.

"கையெழுத்து வேணுமேப்பா. உயிரோட இருக்கறவங்கதான் போட முடியும்."

"அவ சார்புல நான் போடறனுங்க" என்றார் தண்டபாணி. "புருசன்கற முறையில. சகலைங்க யாருக்கும் மறுப்பில்லை."

சகலைகள் தலையாட்டினார்கள். அவர் பேனாவைத் திறந்தார். அந்த முகத்தில் ஆசையோ தந்திரமோ இல்லை. பெரிய பொறுப்பு ஒன்றைச் சுமக்கிற பணிவுதான் இருந்தது. இந்தச் சான்றிதழோடு அவர் எந்தக் கம்பெனிக்கும் போகப் போவதில்லை. சட்டம் போட்டு மாலதியின் படத்துக்குக் கீழே மாட்டி வைப்பார். வினோதினிக்கு எரிச்சல் வந்ததே அதனால்தான். திருட்டாக இருந்திருந்தால் சண்டை போடலாம்.

மாலதி கடைசியாக இன்னொன்றும் சொன்னாள் என்று ஆரம்பித்தால் போதும். வினோதினி என்ற பெண்ணின் பேரைப் போடச் சொன்னாள் என்றால் ஒன்பது பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒப்புக்கொள்வார்கள். வாக்கியம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் அதை விழுங்கினாள்.

"அண்ணா, பேனாவைக் குடுங்க."

அவர் கேள்வி கேட்காமல் கொடுத்தார். அவள் தாளை வாங்கி, தறிச் சட்டத்தில் வைத்து, அதிர்வில் எழுத்து கோணாமல் மெதுவாக எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். தேதி போட்டாள்.

தண்டபாணி குனிந்து படித்தார். "வினோதினி" என்றார். "அது யாருங்க?"

"நானுங்க."

"ஓ." கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். நாலு மாதம் ஒரே அறையில் உட்கார்ந்திருந்த மனிதர். அம்மணி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்ததால் பேர் தேவைப்படவில்லை. மரியசெல்வம் சார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, அந்த அடிக்கட்டை" என்றார் தண்டபாணி.

"ஆமாங்க."

"நர்சுகிட்ட அவ சொன்னதா சொன்னீங்களே?"

"நர்சே கிடையாதுங்க அண்ணா. அந்தப் பதினஞ்சு நிமிசத்துக்கு நாங்க ஒண்ணுமே எழுதலை. நீங்க இல்லாதப்ப அங்க எதுவுமே இல்லை. அவங்களும் இல்லை."

தறிச் சத்தத்தில் அது மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. அவருக்குக் கேட்டது. இப்போது அவர் உடைந்துபோவார், பழையபடி பாபினைத் தூக்குவார், ஷைலஜா சொன்னதெல்லாம் நடக்கும், எல்லாம் தன்னால் என்று வினோதினி காத்திருந்தாள். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கவில்லை. ஈரச் சாக்கு மெதுவாக ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவ பேரையும் ஒரு ஓரத்துல போட்டுக்கலாமுங்களா?" என்று கடைசியில் கேட்டார். "சும்மா, ஒரு ஓரத்துல."

வினோதினி யோசித்தாள். யோசித்துத்தான் சொன்னாள். "போட்டுக்குங்க. அமரர்னு மட்டும் போடாதீங்க."

அவர் தாளை வாங்கிக்கொண்டார். ஓரத்தில் இடம் பார்த்து, பேனா முனையைக் காகிதத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"அது இல்லாம எப்படிங்க எழுதறது?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார்.